பச்சைத் தீர்த்தம்

அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு மூன்றாவது முறையாக வயிறு கெட்டபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் தடவை ஒரு கல்யாணச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டோம். இரண்டாம் தடவை முந்தின நாள் குழம்பின் மேல். மூன்றாம் தடவை பழி போட ஒன்றும் மிச்சமில்லை. ஆஸ்பத்திரியில் சலைன் ஏறிக்கொண்டிருக்க, டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்கள் தண்ணீர் டெஸ்ட் செய்கிற இடத்தில்தானே வேலை பார்க்கிறீர்கள்? வீட்டுத் தண்ணீரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

உண்மைதான். கொச்சி தோப்பும்படியில், மாடியில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். வீடு வாங்கப் போகிறவர்கள், ஓட்டல் நடத்துகிறவர்கள், பள்ளிக்கூடக்காரர்கள் எல்லோரும் கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. அப்படிப்பட்டவள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்போமா? பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த இளஞ்சிவப்புத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் நானும் அம்மாவும் குடிப்பதில்லை. அப்பா போன பிறகு மட்டாஞ்சேரி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை பூஜை அலமாரியைத் துடைக்கும்போது அந்தச் சிறிய பித்தளைச் செம்பைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அம்மா கொதிக்க வைக்காமல் குடிக்கிற தண்ணீர் ஒன்று இருக்கிறது. தீர்த்தம்.

எங்கள் தெருமுனையில் ஒரு சிறிய அம்மன் கோவில். மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்காகக் கொச்சிக்கு வந்த குடும்பங்கள் சேர்ந்து கட்டியது. கோவிலுக்குள்ளேயே கிணறு. அந்தக் கிணற்று நீரில் அபிஷேகம், அதே நீர் தீர்த்தம். அம்மா தினமும் காலையில் போய் உள்ளங்கையில் வாங்கிக் குடித்துவிட்டு, செம்பிலும் கொஞ்சம் கொண்டுவருவாள். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அதையும் குடிப்பாள்.

நான் கோவிலுக்குப் போவதில்லை. அதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. யாரோடும் சண்டை போட்டு விட்டதல்ல, துக்கத்தில் விட்டதும் அல்ல. இருபத்தைந்து இருபத்தாறு வயதில் ஒருநாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது, பல மாதமாக நான் எதையும் வேண்டிக்கொள்ளவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அது இல்லாமல் எதுவும் குறைந்ததாகவும் தெரியவில்லை. அவ்வளவுதான். அம்மாவுக்கு இதில் வருத்தம் உண்டு. அதை எண்ணெய் தேய்க்கிறபோதும், சோறு போடுகிறபோதும் சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் பதில் சொல்வதில்லை.

மறுநாள் கிருமி நீக்கிய புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். பூசாரி வாளியில் சேந்திக் கொடுத்தார். கூடத்தில் அதைக் குழாய்களில் ஊற்றி இளஞ்சூட்டில் வைத்தேன். மறுநாள் ஒவ்வொரு சோதனைக் குழாயிலும் வாயு கட்டி நின்றது, கிருமி இருப்பதற்கு அது அடையாளம். இரண்டாம் நாள் சந்தேகத்துக்கே இடமில்லை. மனித மலத்தில் இருக்கிற கிருமி அது. சாதாரணமாகச் சாக்கடைத் தண்ணீரில்தான் அந்த அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

அறிக்கையை அம்மாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடி போட்டுக்கொள்ளக்கூட இல்லை.

"அம்மன் மேனியைத் தொட்டு வர்ற தண்ணி, மோளே. அதிலே அழுக்கு எப்படி வரும்?"

"வந்திருக்கு அம்மா. நீ மூணு தடவை வயிறு கெட்டுக் கிடந்தே."

"கர்மபலன்னு கிடந்தேன். நீ உன் பேப்பரை அலமாரியிலே வை."

அன்று சாயங்காலமே கோவில் செயலாளர் வீட்டுக்குப் போனேன். பஜார் சாலையில் மிளகு, சுக்கு மொத்த வியாபாரம் செய்து ஓய்ந்தவர். கெட்ட மனிதர் இல்லை. அப்பா இறந்த அன்று ஆம்புலன்ஸ் முதல் பந்தல் வரை எல்லாம் ஓடி ஓடிச் செய்தவர் அவர்தான். அறிக்கையை இரண்டு தடவை படித்தார். பிறகு மடித்து டீப்பாயின் மேல் வைத்தார்.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்குன்னு நீ சொல்றே. நான் நம்பணும். கண்ணுக்குத் தெரியாத தெய்வம் இருக்குன்னு நான் சொன்னா நீ நம்ப மாட்டே. இது என்ன நியாயம்?"

கேள்வி நல்ல கேள்விதான் என்று தோன்றியது. பதினாறு வருடமாக நான் எழுதிக் கொடுத்த அறிக்கைகளை ஜனங்கள் எதற்காக நம்பினார்கள்? அச்சடித்த தாள், கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. குழாய்களை அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

"நம்ப வேண்டாம் அண்ணா," என்றேன். "நாளைக்கு நீங்களே வாங்க. நீங்களே கிணத்திலேர்ந்து எடுங்க. நீங்களே குழாயிலே ஊத்துங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். என் பேச்சு வேண்டாம், என்ன ஆகுதுன்னு நீங்க பாருங்க."

அவர் சிரித்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் கெட்டிருக்கலாம் என்பதை அவர் மனசுக்குள் ஒப்புக்கொண்டுவிட்டார். அது எப்படித் தெரிந்தது என்றால், உடனே யாரால் கெட்டது என்று பேச ஆரம்பித்தார்.

"அப்படியே இருந்தாலும் அது கோவில் குத்தம் இல்லை, கேட்டோ. பின்வீட்டுக்காரங்க. அவங்க சாக்கடை ஓடை மதிலை ஒட்டித்தான் போவுது. ஞாயித்துக்கிழமை கமிட்டி கூடுது. எல்லாரும் கையெழுத்துப் போட்டு கார்ப்பரேஷனுக்கு ஒரு கடுதாசி குடுத்திடலாம்."

பின்வீட்டுக்காரர்கள் வேறு மதம். அதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. கோவில் மதிலும் அவர்கள் மதிலும் ஒன்றுதான். அம்மாவும் அந்த வீட்டு அம்மாவும் முருங்கைக்காயும் பலாச்சுளையும் மதிலுக்கு மேலாகக் கொடுத்து வாங்குகிறவர்கள். அப்படி ஒரு கடிதத்தில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டால் தெருவில் சண்டை மூளும், அந்த மதிலுக்கு மேலாக இனி ஒன்றும் கை மாறாது.

கிணற்றுக்கு மிக அருகில் இருப்பது அந்த ஓடை அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் பக்தர்கள் வசதிக்காகக் கோவில் வளாகத்தில் கட்டிய கழிப்பறை. கிணற்றிலிருந்து என் நடையில் ஒன்பது எட்டு வைக்கிற தூரம். செயலாளர் தன் அப்பா நினைவாகக் கட்டிக் கொடுத்தது, சுவரில் பளிங்குக் கல்லில் பெயர் இருக்கிறது. எங்கள் ஊர் மண் மணல். ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் வரும். மழைக்காலத்தில் செப்டிக் டேங்கில் விரிசல் விட்டிருந்தால் கழிவு போகிற இடம் கிணறுதான். இதை அவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"என் அப்பா பேரிலே கட்டினது அது," என்றார். எழுந்து உள்ளே போனார்.

வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கழிப்பறையா ஓடையா என்று கண்ணால் காட்டியாக வேண்டும். கிருமியைக் காட்ட முடியாது. நிறத்தைக் காட்டலாம். தண்ணீர் எங்கேயிருந்து எங்கே கசிகிறது என்று பார்க்க ஒரு சாயம் உண்டு. பொடியாக இருக்கும்போது செங்கல் நிறம், தண்ணீரில் பட்டதும் பளபளவென்று பச்சை. கொஞ்சமாகப் போட்டால் யாருக்கும் தீங்கு செய்யாதது.

பூசாரியிடம் போனேன். தென்காசிப் பக்கம் அவருக்குச் சொந்த ஊர். பத்து வருடமாகக் கோவிலுக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில் மனைவியோடு இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போன மாசம் எங்க வீட்டிலே மஞ்சக்காமாலையிலே கிடந்தாளே, அதுவும் இதனாலதானாக்கா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாது. இருக்கலாம்."

"நான்தானே என் கையாலே குடுத்தேன்," என்றார்.

செவ்வாய்க்கிழமை உச்சிக்கால நடை சாத்திய பிறகு இரண்டு பேரும் கழிப்பறைக்குள் போனோம். நான் பொடியைக் கொட்டினேன். அவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். செங்கல் நிறப் பொடி அவர் கண்முன்னே பச்சையாக மாறியதும், "அம்மா தாயே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று நான் இரண்டு தப்புகள் செய்தேன். தேவைக்கு மேலே பொடியைப் போட்டேன், தெரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில். அதைவிடப் பெரிய தப்பு, எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் செயலாளர் தடுத்துவிடுவார் என்று நினைத்தேன். தடுத்திருப்பார்தான். ஆனாலும் நாற்பது குடும்பத்தின் கிணற்றில் அவர்களைக் கேட்காமல் ஒன்றைச் செய்ய எனக்கு யார் உரிமை கொடுத்தது?

புதன்கிழமை ஒன்றும் தெரியவில்லை. வியாழன் காலை பூசாரி கொண்டுவந்த புட்டியைக் கூடத்தில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். மெல்லிய பச்சை. கண்ணுக்குத் தெரியாத, விளக்குக்கு மட்டும் தெரிகிற பச்சை. எனக்கு இது போதும். ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்கு விளக்கையே தூக்கிக்கொண்டு போய்விடலாம். பூசாரிக்கு ஃபோன் செய்து, "நாளையிலேர்ந்து தீர்த்தத்துக்குக் கிணத்துத் தண்ணி வேண்டாம். குழாய்த் தண்ணியைக் கொதிக்க வச்சு ஆறவச்சுக் குடுங்க," என்றேன். சரி என்றார்.

மறுநாள் ஆடி முதல் வெள்ளி என்பது எனக்கு நினைவில்லை. நாள் கிழமை பார்க்காதவளுக்கு வேறு என்ன தெரியும்? இரவெல்லாம் மழை கொட்டியது. விடிந்து ஆறரை மணி இருக்கும், அம்மா வாசல்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். அறுபத்தெட்டு வயதில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் செம்பு.

"மோளே, எழுந்திரி! அம்மன் கண் திறந்துட்டா! கிணறு பூராப் பச்சை! மரகதம் மாதிரிப் பச்சை!"

செம்பை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். பித்தளைக்குள் பச்சை தளும்பியது.

"குடிக்காதே அம்மா."

"குடிச்சாச்சு. நானே சேந்தி மூணு கை குடிச்சேன். ஆடி வெள்ளியும் அதுவுமா என் கண்ணிலே காட்டினாளே!"

அவள் அழுதுகொண்டிருந்தாள். அப்பா போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததே இல்லை. இதையும் எழுதியாக வேண்டும்: ஒரு நிமிடம், சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். இரண்டு மூன்று நாளில் நிறம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்காரர்களிடம் மட்டும் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். அம்மாவுக்கு ஒரு ஆடி வெள்ளி மிச்சமிருக்கும்.

ஆனால் செம்பில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். இதே நேரத்தில் இன்னும் எத்தனை பேர் குடித்துக்கொண்டிருப்பார்கள் என்றும் தெரியும்.

"அம்மா, உட்காரு. அது சாயம். நான் போட்டது."

"நீயா? கிணத்திலேயா?"

"கிணத்திலே இல்லை. கக்கூஸிலே."

அவள் செம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி செம்பைப் பார்த்தாள். பிறகு அதை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. நான் பின்னால் போய் முதுகைத் தடவினேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"என்னைத் தொடாதே. போ."

நான் அப்படியே போட்டிருந்த உடையோடு கோவிலுக்கு ஓடினேன். எழுபது எண்பது பேர் கூடியிருந்தார்கள். ஃபோனில் படம் பறந்திருக்க வேண்டும், சுள்ளிக்கல்லிலிருந்தெல்லாம் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். கிணற்றைச் சுற்றி வேப்பிலை, பூ, கற்பூரம். பெண்கள் குலவை இட்டார்கள். கப்பியில் கயிறு நிற்காமல் ஓடியது. ஆளாளுக்குக் குடம், புட்டி, தூக்குவாளி. பூசாரி கருவறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே கெஞ்சினார். அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் யாரோ ஒரு பெண் முதல் வாளியைச் சேந்திவிட்டாளாம். பிறகு அவர் குரல் எடுபடவில்லை.

செயலாளர் என்னைக் கூட்டத்தின் ஓரத்துக்கு இழுத்துப் போனார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, பூசாரி சொல்லியிருக்கிறார்.

"நீ செஞ்சது பெரிய அக்கிரமம். அதை அப்புறம் பேசலாம். இப்ப ஒண்ணும் சொல்லாதே. ரெண்டு நாளிலே நிறம் போயிடும். நான் கக்கூஸைப் பூட்டிடறேன், டேங்க்கை ரிப்பேர் பண்ணிடறேன், சத்தியம். இத்தனை பேர் மனசை எதுக்கு உடைக்கறே? பாரு அவங்க மூஞ்சியை."

பார்த்தேன். எங்கள் தெருவிலேயே ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். இரண்டு லிட்டர் புட்டி நிறையப் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாகத் தரித்த பிள்ளை. அவள் முகத்திலும் அம்மாவின் முகத்தில் பார்த்த அதே மலர்ச்சி.

"அண்ணா, அவள் அதைக் குடிக்கப் போறா," என்றேன்.

அவர் என் கையை விட்டார்.

நான் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றேன். எனக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. குரல் கீச்சென்று வந்தது. "யாரும் குடிக்காதீங்க! இது நான் போட்ட சாயம். கக்கூஸிலே போட்டேன். அங்கேயிருந்து கிணத்துக்கு வந்திருக்கு. கக்கூஸ்லே இருக்கற எல்லாமும் இதிலே வருது. தயவு செஞ்சு கொட்டிடுங்க."

முதலில் யாருக்கும் காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன். குலவை நின்றது. பிறகு ஒரே கூச்சல்.

"இவளா? கோவில் பக்கமே வராதவளா?"

"கிணத்திலே விஷம் கலந்திருக்கா! போலீஸைக் கூப்பிடுங்க!"

"நம்பிக்கை இல்லைன்னா வீட்டிலே இரேன்! எந்தினா, எதுக்கு இங்கே வந்தே?"

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். தடுமாறிக் கீழே இறங்கினேன். அப்போதுதான் பூசாரி வந்து எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றார். சத்தம் போடவில்லை.

"அக்கா சொல்றது நெசம். பொடியைப் போட்டது அவங்க. தண்ணி ஊத்தினது நான். பத்து வாளி. போலீஸ்னா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க." பிறகு கழிப்பறையைக் கைகாட்டினார். "போய்ப் பாருங்க. பீங்கான்லே பச்சை இன்னும் இருக்கு."

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் மறக்க முடியாது. முதலில் அந்தக் கர்ப்பிணிப் பெண்தான் போனாள், புட்டியை இடுப்பில் அணைத்தபடியே. உள்ளே எட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பீங்கானில் பச்சைக் கறை. கையிலிருந்த புட்டியைத் தூக்கி அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரே நிறம். வெளியே வந்து புட்டியைத் தென்னை மரத்தடியில் கவிழ்த்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். எல்லோரும் தாங்களே பார்க்க வேண்டும் என்று போனார்கள். பெண்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் போகவில்லை. "பார்க்க வேண்டியதை நான் பார்த்தாச்சு" என்று குடத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். அவரைத் தடுக்க என்னால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. பின்வீட்டைப் பற்றிய கடிதப் பேச்சை யாரும் எடுக்கவே இல்லை. என்னை ஒரு வருடம் கோவில் வளாகத்துக்குள் வரக்கூடாது என்றார்கள். வராதவளை வரக்கூடாது என்று சொன்னது சில பேருக்கே சிரிப்பாக இருந்திருக்கும். பூசாரியை நீக்க வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னபோது, வேண்டாம் என்று எழுந்து நின்றவர் செயலாளர். டேங்க்கைத் தோண்டியபோது ஒரு பக்கச் சுவர் முழுக்க விரிசல். தன் அப்பா பெயர் போட்ட அந்தப் பளிங்குக் கல்லைச் செயலாளரே பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன். அன்று முதல் என்னோடு பேசுவதில்லை. தெருவில் எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பார். என் கூடத்திலும் சும்மா விடவில்லை. யாரைக் கேட்டுச் செய்தாய் என்று மேலதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார். தப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். எல்லோருக்கும் சொல்லிவிட்டுச் செய்வேன் என்றேன். செய்யாமல் இருக்கமாட்டேன் என்பது அவருக்குப் புரிந்திருக்கும்.

கிணற்றை இறைத்து, சுண்ணாம்பும் குளோரினும் போட்டு, மறுபடி இறைத்தார்கள். புரட்டாசியில் எடுத்த தண்ணீரிலும் கிருமி இருந்தது. ஐப்பசியிலும் இருந்தது. பூசாரி ஒவ்வொரு தடவையும் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இன்னும் சரியாகவில்லை என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு போவார். அதுவரை கொதிக்க வைத்து ஆறிய நீரில் துளசி போட்டுத் தீர்த்தம் கொடுத்தார். கேட்டவர்களிடம், அக்கினியும் தெய்வம்தானே என்று சொன்னாராம். தை பிறந்த பிறகுதான் குழாய்களில் வாயு கட்டவில்லை. மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அம்மா பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. சமைத்து வைப்பாள், நான் எடுத்துப் போட்டுக்கொள்வேன். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் சாயா போட்டு இரண்டு டம்ளரில் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் யோசிச்சுப் பார்த்தேன்," என்றாள். "அவதான் செஞ்சிருக்கா. தன் கிணறு அசுத்தமாப் போச்சுன்னு யார்கிட்டச் சொல்லுவா? உன் கையைப் பிடிச்சுச் செஞ்சுட்டா. நீ நம்பாட்டா என்ன, உன்னை அவ நம்பினா."

தெருவில் பாதிப் பேர் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தலையாட்டிவிட்டால் வீட்டில் சமாதானம். சாயாவைக் கீழே வைத்தேன்.

"இல்லை அம்மா. நீ ஆஸ்பத்திரியிலே கிடந்தே. எனக்குப் பயமா இருந்தது. அதனால நான் செஞ்சேன். நான்தான் செஞ்சேன். அளவு தப்பாப் போட்டதும் நான்தான். அதை யார் மேலேயும் போட முடியாது."

"பிடிவாதம்," என்றாள் அம்மா. "அப்படியே உன் அப்பா."

"உனக்கு மட்டும் இல்லையா?"

அவள் சாயாவைக் குடித்து முடித்துவிட்டு, மழை விட்டிருக்கிறதா என்று வாசலில் போய்ப் பார்த்தாள். இப்போதும் அவள் தினமும் கோவிலுக்குப் போகிறாள், அம்மன்தான் செய்தாள் என்று வருகிறவர்களிடம் என் முன்னாலேயே சொல்கிறாள். நானும் அவள் முன்னாலேயே இல்லை என்கிறேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை கூடத்துக்குப் போகிற வழியில் கோவில் வாசலில் நிற்பேன். தடை விதித்த ஒரு வருடம் முடிந்துவிட்டது, இருந்தாலும் உள்ளே போவதில்லை. பூசாரி கிணற்றுத் தண்ணீர்ப் புட்டியோடு வெளியே வருவார். மழை நாளானால் குடை பிடித்துக்கொண்டு வருவார்.